காட்பாடியில் குழி விழுந்த திராட்சை பிரெட்: ஒரு நிகழ்வு ஆய்வு

என் அண்ணியின் வீடு காட்பாடி காந்தி நகரில் இருக்கிறது. கிறிஸ்துமஸை ஒட்டி அக்கம்பக்கத்தாருக்குக் கொடுப்பதற்காக மாவைப் பிசைவது முதல் சுடுவது வரை தானே செய்யும் பிரெட் மெஷினில் அவர் செய்த உலர்திராட்சை பிரெட் ஏழும் ஒரே அச்சில் வார்த்தவை போல வந்தன. அதே மெஷினில், அதே செய்முறைக் குறிப்பை வைத்துக்கொண்டு, மே மாதத்தில் பேத்தியின் பிறந்தநாளுக்காக அவர் செய்த நான்கும் வீணாயின. நான்கிலும் குறை ஒன்றுதான். மேலோடு வறுத்த காப்பிக்கொட்டை நிறத்துக்குக் கறுத்திருக்கும். நடுவில் ஒரு கிண்ணத்தை வைத்து அழுத்தியது போலக் குழி விழுந்திருக்கும். அறுத்தால் கத்தியில் மாவு ஒட்டும். திராட்சை என்று எடுத்துக் காட்ட ஒன்றுகூட முழுதாக இருக்காது.

"டிசம்பர்ல பஞ்சு மாதிரி வந்துச்சி தம்பி. இப்ப பாரு, கேவுரு களி மாதிரி இருக்குது. மெஷினு போச்சா, இல்ல அந்த மண்டித் தெரு திராட்சைதான் சரியில்லையா?" என்று கேட்டபடி அண்ணி நான்காவது பிரெட்டைத் தட்டோடு என் முன்னால் வைத்தார். அண்ணன் மெஷினைக் குற்றம் சொன்னார். அண்ணி திராட்சையைக் குற்றம் சொன்னார். கடையை மாற்றியும் பார்த்துவிட்டார், பலன் இல்லை.

நான் மருத்துவமனை ஒன்றின் உணவுப் பிரிவில் 22 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நோயாளிகளுக்கான பிரெட்டை எங்கள் சமையலறையிலேயே சுட்ட காலமும் உண்டு. மருத்துவத்துக்குப் பேர்போன ஊரில் வாழ்ந்ததில் ஒட்டிக்கொண்ட பழக்கம், மருந்தைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் நோயாளியின் கதையை முழுவதும் கேட்பது. ஆகவே முதல் நாள் எதையும் சுடவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தேன்.

டிசம்பருக்கும் மே மாதத்துக்கும் இடையில் என்ன மாறியது?

"ஒண்ணுமே மாத்தல" என்பதுதான் அண்ணியின் முதல் பதில். ஆனால் பேச்சுக்கு நடுவே ஒவ்வொன்றாக வெளியே வந்தன. டிசம்பரில் சாப்பிட்ட உறவினர் ஒருவர் திராட்சை பல்லில் கடினமாகப் படுகிறது என்று சொன்னதால், இப்போது அதைச் சுடுதண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்துப் போடுகிறார். டிசம்பரில் மெஷின் 'பீப்' என்று கூப்பிடும்போது ஓடிப்போய்ப் போட்டார். மே மாதத்தில் பேத்தியைக் குளிப்பாட்டும் நேரமும் அந்தச் சத்தமும் மோதிக்கொண்டதால், தொடக்கத்திலேயே மாவோடு சேர்த்துப் போட்டுவிடுகிறார். மூன்றாவது மாற்றத்தை அவர் மாற்றமாகவே கருதவில்லை. குறிப்பில் 'வெதுவெதுப்பான நீர்' என்று இருக்கிறது. அதைச் சமையலறைக் குழாயிலிருந்து அப்படியே பிடிக்கிறார். குழாய் அதேதான். அதற்கு நீர் வரும் மொட்டைமாடித் தொட்டியும் அதேதான். கத்திரி வெயிலில் அந்தத் தொட்டி என்ன ஆகும் என்பதை வேலூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பகல் 12 மணிக்குக் குழாயில் பிடித்த நீரில் வெப்பமானியை வைத்தேன். 39 டிகிரி காட்டியது.

அளவுகளையும் எழுதிவிடுகிறேன். மைதா 320 கிராம், தண்ணீர் 210 மில்லி, சர்க்கரை 30 கிராம், வெண்ணெய் 20 கிராம், பால் பவுடர் 10 கிராம், உப்பு 5 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 4 கிராம், உலர்திராட்சை 80 கிராம். திராட்சை மாவில் கால் பங்கு. இது மிகையான அளவு அல்ல. அமெரிக்க உணவு விதிப்படி 'ரெய்சின் பிரெட்' என்ற பெயரில் விற்கப்படுவதில் 100 பங்கு மாவுக்குக் குறைந்தது 50 பங்கு திராட்சை இருந்தாக வேண்டும். அது பெரிய பேக்கரிகளில், வலுவான கோதுமை மாவில் நடப்பது. நம் ஊர் மைதாவையும் வீட்டு மெஷினையும் வைத்துக்கொண்டு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போவதை நான் ஊக்கப்படுத்த மாட்டேன். கால் பங்கு தாங்கும். அண்ணியின் குறிப்பில் பிழை இல்லை.

மெஷின் என்ன செய்கிறது

பழத்தை எப்போது போடுவது என்ற கேள்வி மெஷினின் கால அட்டவணையோடு பிணைந்தது. அண்ணியின் மெஷினில் சாதாரண பிரெட்டுக்கான முதல் புரோகிராம் 3 மணி நேரம் ஓடுகிறது. திரையில் 3:00 என்று தொடங்கி, மீதி நேரம் இறங்கு வரிசையில் தெரியும். முதல் பிசைதல் 10 நிமிடம், ஓய்வு 20 நிமிடம், இரண்டாம் பிசைதல் 15 நிமிடம், முதல் பொங்கல் (ஈஸ்ட்டால் மாவு உப்பி எழும் கட்டம்) 25 நிமிடம், அதன் முடிவில் சில விநாடிகள் பாத்திரத்தின் அடியில் உள்ள பிசையும் பிளேடு சுழன்று காற்றை வெளியேற்றுதல், இறுதிப் பொங்கல் 50 நிமிடம், சுடுதல் 60 நிமிடம். பழம் போடச் சொல்லும் பீப் சத்தம் இரண்டாம் பிசைதலின் 5-ஆவது நிமிடத்தில், அதாவது திரையில் 2:25 என்று இருக்கும்போது வருகிறது. இந்தச் சத்தம் எந்த நிமிடத்தில் வரும் என்பது மெஷினுக்கு மெஷின் வேறுபடும். அட்டவணை கையேட்டில் இருக்கும். அண்ணியின் கையேட்டை அண்ணன் பரணில் போட்டிருந்தார். எடுக்க ஒரு மாலைப் பொழுது ஆயிற்று.

பாத்திரத்தின் உள்சுவரைக் கையால் தடவினால், மேலிருந்து கீழாக ஓடும் ஒரு மேடு தட்டுப்படும். அதற்குப் பின்னே ஒரு கதை உண்டு. ஜப்பானின் மட்சுஷிதா நிறுவனம் 1987-இல் வெளியிட்ட வீட்டு பிரெட் மெஷினை உருவாக்கிய காலத்தில், எவ்வளவு முயன்றும் மாவு சரியாகப் பிசையப்படவில்லை. அந்நிறுவனத்தின் மென்பொருள் வல்லுநர் இகுகோ தனகா, ஒசாகா இன்டர்நேஷனல் ஓட்டலின் தலைமை பேக்கரிடம் பயிற்சி பெற்றார். அந்த பேக்கர் மாவை வெறுமனே அமுக்காமல் முறுக்கி இழுக்கிறார் என்பதைத் தனகா கண்டுகொண்டார். அந்த முறுக்கலைப் பெறுவதற்காகவே பாத்திரத்தின் உள்ளே மேடுகளை அமைத்தார்கள். மாவை ஒரு பக்கம் பிளேடு இழுக்க, மறுபக்கம் மேடு பிடித்து நிறுத்துகிறது. மாவுக்கு அது நன்மை. இடையில் மாட்டிக்கொள்ளும் ஊறிய திராட்சைக்கு அம்மிக்கும் குழவிக்கும் நடுவில் அகப்பட்ட கதிதான்.

முதல் பிரெட்: குறையைக் கண்ணால் பார்த்தல்

அண்ணி செய்வது போலவே ஒரு பிரெட்டைச் செய்யச் சொல்லி, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அறை வெப்பம் 37 டிகிரி, மைதா 36 டிகிரி, நீர் 39 டிகிரி. 80 கிராம் திராட்சை ஒரு மணி நேரம் ஊறி, வடித்த பிறகு தராசில் 104 கிராம் காட்டியது. இந்த எண்ணைக் கண்டதும் எனக்குப் பாதி விளங்கிவிட்டது. 320 கிராம் மாவுக்கு 210 மில்லி நீர் என்பது ஏறக்குறைய 66 சதவீதம். திராட்சை சுமந்து வந்த 24 கிராம் நீர் முழுதும் மாவுக்குள் இறங்கினால் அது 73 சதவீதமாகிவிடும். கைதேர்ந்தவர்கள் அவ்வளவு இளகிய மாவையும் கையாள்வார்கள். மைதாவைப் போட்டு மூடியை மூடிவிட்டுப் போகும் மெஷினில் அது நிற்காது.

முதல் பிசைதலின் 8-ஆவது நிமிடத்தில் மூடியைத் திறந்தோம். சரியான நிலையில் இருக்கும் மாவு, பிளேடைச் சுற்றி ஒரே உருண்டையாகப் புரண்டு, பாத்திரத்தின் சுவரைச் சுத்தமாகத் துடைத்துவிட்டிருக்கும். இங்கே உருண்டை இல்லை. செம்மண் கரைத்தது போன்ற நிறத்தில் ஒரு கூழ், அதன் நடுவே பிளேடு தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. சுவர் மேட்டில் திராட்சைத் தோல்கள் ஈரத் துணிக் கிழிசல் போல ஒட்டியிருந்தன. சதையையும் சாற்றையும் மாவு விழுங்கிவிட்டிருந்தது.

இரண்டாம் பிசைதல் முடிந்ததும் மாவின் நடுவில் வெப்பமானியைக் குத்தினால் 38 டிகிரி. முதல் பொங்கல் முடிவதற்குள்ளேயே மாவு விளிம்பைத் தொட்டுவிட்டது. இறுதிப் பொங்கலில் இன்னும் கால் மணி நேரம் இருக்கையிலேயே மேற்பரப்பில் ஊசிக்குத்துப் போன்ற துளைகள் தெரிந்தன. காற்றைத் தாங்கும் வலு முடிந்துவிட்டது என்பதன் அடையாளம் அது. சூடு ஏறத் தொடங்கிய 6-ஆவது நிமிடத்தில் நடுப்பகுதி மெல்ல உள்வாங்கியது. அண்ணி "ஐயோ" என்றார். எனக்கு அது நல்ல காட்சி; குழி விழும் கணத்தைப் பார்க்காமல் அதன் காரணத்தைப் பேசியிருந்தால் ஊகம்தான் மிஞ்சியிருக்கும்.

இரண்டாம் பிரெட்: பழம் இல்லாமல்

மறுநாள் அதே வெப்பத்தில், அதே குழாய்த் தண்ணீரில், திராட்சையை மட்டும் விட்டுவிட்டு ஒன்று செய்தோம். மாவு 9-ஆவது நிமிடத்தில் ஒழுங்கான உருண்டையாகத் திரண்டது. பொங்கல் மட்டும் முந்தைய நாளைப் போலவே அவசரப்பட்டது. மேல்பகுதி மூடியை எட்டி, சுடும்போது சற்றே தட்டையானது. குழி இல்லை. உள்பகுதி பெரிய துளைகளோடு இருந்தாலும் வெந்திருந்தது.

இந்த ஒப்பீட்டுக்காகவே அதைச் செய்தேன். வெயில் மட்டும் பிரெட்டைத் தள்ளாட வைக்கிறது. கீழே விழவைத்தது பழம். அண்ணனின் குற்றச்சாட்டும் இத்தோடு தீர்ந்தது, மெஷினில் கோளாறு இல்லை.

பேக்கரிகளில் மாவின் வெப்பத்தை முன்கூட்டியே கணிக்க எளிய வழி ஒன்று உண்டு. வேண்டிய மாவு வெப்பத்தை மூன்றால் பெருக்கி, அதிலிருந்து அறை வெப்பம், மாவுப்பொடியின் வெப்பம், பிசையும் உராய்வினால் ஏறும் வெப்பம் ஆகியவற்றைக் கழித்தால் நீரின் வெப்பம் கிடைக்கும். பிசைந்த மாவு 27 டிகிரியில் இருப்பது நல்லது. மூன்றால் பெருக்கினால் 81. மே மாதக் காட்பாடியில் அறைக்கும் மைதாவுக்கும் மட்டும் 73 போய்விடுகிறது. மீதி 8. உராய்வைக் கழித்தால் அதுவும் இல்லை. பனிக்கட்டியைத்தான் போட வேண்டும். டிசம்பரில் அறையும் மாவும் நீரும் 25, 26 டிகிரி அளவில் இருந்ததால், கணக்கைப் பற்றித் தெரியாமலேயே அண்ணிக்குக் கணக்கு சரியாக வந்திருக்கிறது. 'வெதுவெதுப்பான நீர்' என்று எழுதும் குறிப்புகள் குளிர் நாட்டுச் சமையலறையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நம் ஊரில் ஜனவரி தாண்டினால் அந்தச் சொல்லைப் பென்சிலால் அடித்துவிடலாம்.

மூன்றாம் பிரெட்: பாதி வெற்றி

அதற்கு மறுநாள், ஃபிரிட்ஜ் தண்ணீரை எடுத்தோம். திராட்சையை ஊறவைக்காமல், காம்பை மட்டும் கிள்ளிவிட்டு, பீப் சத்தம் கேட்டதும் போட்டோம். பிசைந்த மாவு 31 டிகிரி. 27 இல்லையென்றாலும் 38 இல்லை. பிரெட் நிமிர்ந்து நின்றது, குழி இல்லை. அண்ணி அத்தோடு ஆய்வை முடித்துக்கொள்ள விரும்பினார்.

அறுத்துப் பார்த்தபோது இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன. திராட்சையில் மூன்றில் ஒரு பங்கு கிழிந்திருந்தது. பீப் சத்தத்துக்குப் பிறகும் 10 நிமிடம் பிசைதல் பாக்கி இருக்கிறதே. மறுநாள் காலையில் எடுத்த துண்டில் ஒவ்வொரு திராட்சையைச் சுற்றியும் பிரெட் உலர்ந்து, தொட்டால் தூளாக உதிர்ந்தது. உலர்திராட்சையில் ஈரம் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான். எடையில் பாதிக்கு மேல் சர்க்கரை. அவ்வளவு சர்க்கரையை வைத்துக்கொண்டு ஈரமில்லாமல் இருக்கும் பொருள், பக்கத்தில் ஈரம் எங்கே இருக்கிறதோ அங்கிருந்து இழுக்கும். பச்சை மாவிலும் இழுக்கும், வெந்த பிரெட்டிலும் இழுக்கும். நன்றாக ஊறியதைப் போட்டால் மாவுக்கு நீரைக் கொடுத்துக் கெடுக்கிறது; ஊறாததைப் போட்டால் நீரை எடுத்துக் கெடுக்கிறது. பழத்தை மாவின் மேல் தூவும் அலங்காரமாக நினைத்தால் இந்தக் கணக்கு கண்ணுக்குத் தெரியாது. அது நீரும் சர்க்கரையும் அடங்கிய ஒரு பொட்டலம். எந்த நிமிடத்தில், எவ்வளவு ஈரத்தோடு பொட்டலம் உள்ளே போகிறது, அவிழ்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்தே மாவின் அளவுகள் மாறுகின்றன.

சர்க்கரைப் பக்கத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். குறிப்பில் உள்ள 30 கிராம் சர்க்கரையே மாவில் 9 சதவீதத்தைத் தாண்டுகிறது. தொடக்கத்திலேயே போட்ட திராட்சை முழுக்க அரைபட்டால் இன்னும் 40 கிராமுக்கு மேல் சர்க்கரை மாவில் கரையும். அவ்வளவு இனிப்பில் ஈஸ்ட் நீரிழந்து சோர்கிறது. முதலில் வெப்பத்தினால் பாய்ந்த பொங்கல், கடைசியில் தேவைப்படும் நேரத்தில் உந்துதல் இல்லாமல் போகிறது. மேலோட்டில் சர்க்கரை கூடியதால் உள்ளே வேகும் முன் வெளியே கறுக்கிறது. முதல் நாள் நான் கண்ட கறுத்த ஓடும் ஒட்டும் உள்பகுதியும் இப்படி ஒரே காரணத்தின் இரு முனைகள்.

நான்காம் பிரெட்டைப் பற்றி எழுத அதிகம் இல்லை. இறுதிப் பொங்கலில் மின்சாரம் போனது. சில நிமிடத் தடை என்றால் பல மெஷின்கள் விட்ட இடத்திலிருந்து தொடரும். போனது 40 நிமிடம். அண்ணி சற்றும் கலங்காமல் மாவை வெளியே எடுத்து, எலுமிச்சை அளவுக்கு உருட்டி, இட்லிக் குண்டானில் வேகவைத்துவிட்டார். பேத்திக்கு இதுவரை செய்ததிலேயே அதுதான் பிடித்தது என்பதைப் பதிவு செய்கிறேன். ஆய்வுக்கு அதனால் பயன் இல்லை.

ஐந்தாம் பிரெட்

இந்த முறை பழத்தின் ஈரம், மாவின் வெப்பம், பழம் போடும் நேரம் மூன்றையும் சேர்த்து மாற்றினேன். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்பது ஆய்வு ஒழுங்கு. ஆனால் ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்பது முந்தைய பிரெட்டுகளில் தெரிந்துவிட்டிருந்தது, பிறந்தநாளும் நெருங்கிவிட்டிருந்தது.

திராட்சையை வெதுவெதுப்பான நீரில் 5 நிமிடம் மட்டும் போட்டு, வடிகட்டி, வேட்டித் துணியில் பரப்பி, மேலே இன்னொரு துணியை மூடி ஒரு மணி நேரம் வைத்தோம். ஊறவைப்பதும் இதுவும் வேறு வேறு. ஊறலில் நீர் பழத்தைச் சுற்றி நிற்கிறது. இதில் தோலில் பிடித்த கொஞ்ச நீர் மெதுவாக உள்ளே பரவி, வெளிப்புறம் உலர்ந்துவிடுகிறது. 80 கிராம் 89 கிராம் ஆனது. விரலால் அழுத்தினால் மெத்தென்று இருந்தது, விரலில் ஈரம் ஒட்டவில்லை. தண்ணீரை 210-லிருந்து 200 மில்லியாகவும், சர்க்கரையை 30-லிருந்து 20 கிராமாகவும் குறைத்தேன். மைதாவை ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, தண்ணீரையும் அங்கிருந்தே எடுத்தோம். எடுத்து வைத்த மைதாவிலேயே ஒரு தேக்கரண்டியைத் திராட்சையின் மேல் தூவிப் புரட்டினோம். புதிதாகத் தூவினால் அளவு கூடும் என்பதால் அதே மைதா.

நேரம்தான் முக்கியமான மாற்றம். பீப் சத்தத்தைப் பொருட்படுத்தவில்லை. திரையில் 2:19 வந்தபோது, அதாவது பிசைதல் முடிய 4 நிமிடம் இருக்கும்போது, மூடியைத் திறந்து மூன்று பிடியாகப் போட்டோம். முதல் பிடியை மாவு உள்ளே இழுத்துக்கொண்ட பிறகு இரண்டாவது, அதன்பின் மூன்றாவது. ஒரேயடியாகக் கொட்டினால் பழம் மாவுக்கும் சுவருக்கும் நடுவில் வழுக்கி, உருண்டை புரளாமல் ஒரே இடத்தில் சறுக்கிக்கொண்டிருக்கும். ஓரத்தில் தங்கிய பத்துப் பன்னிரண்டு திராட்சைகளை அண்ணி ரப்பர் கரண்டியால் மாவை நோக்கித் தள்ளிவிட்டார். இன்னும் தாமதித்து, கடைசி ஒரு நிமிடத்தில் போட்டால் பழம் உள்ளே போகாது. மாவின் மேல்தோலில் ஒட்டி, பாத்திரத்தின் சுவரைத் தொட்டுக்கொண்டு கரிந்து கசக்கும், பாத்திரத்தின் ஒட்டாத பூச்சையும் கெடுக்கும்.

பிசைந்த மாவு 27 டிகிரி. அன்று மாலை அண்ணி அறுத்த துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். கிழிந்தவை மூன்று நான்குக்கு மேல் இல்லை. மாவின் நிறம் வெள்ளையாகவே இருந்தது. ஒவ்வொரு திராட்சையும் தனக்கென ஒரு குழி செய்துகொண்டு அதில் பொருந்தி உட்கார்ந்திருந்தது. மூன்றாம் நாள் வரை உதிரவில்லை.

திராட்சையின் மேல் விழுந்த பழியைப் பற்றி

மண்டித் தெருத் திராட்சையை நான் குற்றமற்றதாகத் தீர்த்துவிட்டாலும், அண்ணியின் சந்தேகம் அடிப்படை இல்லாதது அல்ல. இந்தியாவில் உலர்திராட்சை அதிகம் செய்யப்படும் இடங்கள் மகாராஷ்டிரத்தின் சாங்கலி, நாசிக் பகுதிகள். அங்கே பழத்தின் மெழுகுப் படலத்தைத் தளர்த்துவதற்காக, பொட்டாசியம் கார்பனேட்டும் ஒருவகை எண்ணெயும் கலந்த நீரில் முக்கி, நிழலில் அடுக்கு வலைகளில் காயவைக்கிறார்கள். பொன்னிறம் மாறாமல் இருக்கக் கந்தகப் புகை காட்டுவதும் உண்டு. இந்தக் கந்தகச் சேர்மங்கள் மிகுதியாக இருந்தால் மாவுக்கு இழுவையைத் தரும் புரதமான குளூட்டனின் இணைப்புகளை உடைத்துத் தளர்த்தும். பிஸ்கட் மாவை இளக்குவதற்கென்றே அவ்வகைப் பொருளைத் தொழிற்சாலைகள் பயன்படுத்துகின்றன. பளிச்சென்ற மஞ்சள் திராட்சையையும் ஆரஞ்சு நிறம் மாறாத ஆப்ரிகாட்டையும் பிரெட்டில் போடுகிறவர்கள் நன்றாக அலசிப் போடுவது நல்லது. அண்ணி வாங்கியது பழுப்பு நிறத் திராட்சை. இரண்டு கடைச் சரக்கிலும் குறை ஒரே மாதிரி வந்ததே அதற்குச் சாதகமான சாட்சி.

இன்னொரு சந்தேகம் பட்டைத்தூள். கிறிஸ்துமஸ் பிரெட்டில் அரைத் தேக்கரண்டி போட்டதாகச் சொன்னார். பட்டையின் மணத்துக்குக் காரணமான சின்னமால்டிஹைடு ஈஸ்ட்டைத் தடுக்கும் இயல்புடையது. அரைத் தேக்கரண்டி தாங்கும், ஒரு மேசைக்கரண்டி தாங்காது.

பேரீச்சையும் மற்றவையும்

ரமலான் மாதத்தில் பேர்ணாம்பட்டுத் தோழி கொடுத்த பேரீச்சை அண்ணியிடம் ஒரு டப்பா நிறைய மீந்திருந்தது. திராட்சையில் கற்றதை அதன் மேல் அப்படியே பொருத்திப் பார்த்தோம், பொருந்தவில்லை. திராட்சைக்குத் தோல் ஒரு கவசம். பேரீச்சையைக் கொட்டை எடுத்து நறுக்கியவுடன் எல்லாப் பக்கமும் பசைதான். 4 நிமிடப் பிசைதலிலேயே பாதி கரைந்து, மாவு வெல்லப்பாகு நிறத்துக்குப் போய்விட்டது. ஊறவைக்கவே கூடாத பழம் அது. கடினமான ரகத்தை வாங்கி, சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கி, மாவில் புரட்டி, ஃபிரிட்ஜில் அரை மணி நேரம் இறுக வைத்துப் போட்டபோது ஓரளவு துண்டுகளாகவே நின்றது. அத்திப்பழமும் இதே குணம்.

முழுதாக நிற்க வேண்டுமானால் பிளேடை நம்பாமல் கையை நம்ப வேண்டும். ஆற்காட்டு மக்கன் பேடா தின்றவர்களுக்கு இது புதிதல்ல. அங்கே முந்திரி, பாதாம், திராட்சை எதுவும் மாவோடு பிசையப்படுவதில்லை. கோவாவும் மைதாவும் சேர்ந்த மாவுக்குள் பூரணமாக அடைக்கப்பட்டு, பொரிந்து, பாகில் ஊறுகிறது. மாவு மாவாக இருக்கிறது, பழம் பழமாக இருக்கிறது. பிரெட் மெஷினிலும் அதற்கு ஒரு இடைவெளி கிடைக்கிறது. திரையில் 1:50 காட்டும்போது பிளேடு கடைசியாகச் சுழன்று நின்றுவிடும். அதன்பின் பொங்கலும் சுடுதலும் மட்டுமே. அந்த நேரத்தில் மாவை எடுத்து, லேசாக மாவு தூவிய பலகையில் ஒரு ஜாண் அகலத்துக்குத் தட்டி, பழத்தைப் பரப்பி, பாயைச் சுருட்டுவது போல இறுக்கிச் சுருட்டி, ஓரத்தைக் கிள்ளி மூடி, பிளேடைக் கழற்றிவிட்ட பாத்திரத்தில் மூடிய பக்கம் கீழே இருக்கும்படி வைத்துவிட வேண்டும். 5 நிமிடத்துக்குள் முடித்தால் மெஷின் தன் போக்கில் தொடரும். பழத்தில் ஈரம் இருந்தாலோ, ருசிக்காக வெண்ணெயைத் தடவினாலோ சுருளுக்கும் சுருளுக்கும் இடையில் வெடிப்பு விழும். ஆறாவது பிரெட்டை அண்ணி இப்படித்தான் பேரீச்சையை வைத்துச் செய்தார். அறுத்தபோது அம்மிக்கல்லில் வட்டமாகக் கொத்தியது போல ஒரு சுருள் தெரிந்தது. பிளேடைக் கழற்றியதால் அடியில் பெரிய ஓட்டையும் விழவில்லை.

டூட்டி ஃப்ரூட்டியைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு என்பதால் ஒரு வரி: பப்பாளிக் காயைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்துச் செய்யப்படும் அது ஏற்கெனவே பாகு நிறைந்தது, நீரை இழுக்காது, ஆனால் சாயம் மாவில் இறங்கும், ஆகவே ஒருமுறை அலசித் துணியில் ஒற்றிவிட்டு 2:19-க்கே போடலாம்.

இரவில் டைமர் வைத்துவிட்டுத் தூங்குவது வேலூர்க் கோடையில் நடக்கிற காரியம் இல்லை. பழம் போடும் தட்டு தனியாக உள்ள மெஷின்களில்கூட, ஒட்டும் பழம் தட்டிலேயே தங்கிவிடும்; மாவும் நீரும் ஈஸ்ட்டும் 35 டிகிரியில் ஏழு மணி நேரம் காத்திருந்தால் விடிவதற்குள் புளித்துவிடும். அதிகாலை 5 மணிக்கு எழுந்து மெஷினை ஓட்டுவதே அண்ணிக்கு நான் சொன்ன வழி. அந்த நேரத்தில் மாடித் தொட்டித் தண்ணீரும் 30 டிகிரிக்குக் கீழே இறங்கியிருக்கும், பேத்தியும் தூங்கிக்கொண்டிருப்பாள்.

பிறந்தநாளுக்கு இரண்டு திராட்சை பிரெட்டும் ஒரு பேரீச்சைச் சுருளும் செய்தார். மெஷினின் மூடியில் இப்போது நாட்காட்டித் தாளைக் கிழித்து ஒட்டி, நீல பேனாவால் எழுதியிருக்கிறார்: "மே, ஜூன் – ஃபிரிட்ஜ் தண்ணி 200. சக்கரை 20. திராட்சை 5 நிமிஷம், துணி 1 மணி. 2.19 – மூணு பிடி." அதற்குக் கீழே அண்ணனின் கையெழுத்தில், "மெஷின் மேல் தப்பில்லை."